எட்டாம் வார்டின் கிரேன்

நான் அந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே ஒரு மனிதர் என் பெட்டியைப் பறித்துக்கொண்டு நடந்தார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஐந்தடிக்குச் சற்று மேலே உயரம், ஒடிசலான உடம்பு, வெளிறிய நீலச் சட்டை. ஒரு கையில் என் பெட்டி, மறு கையில் எனக்கு முன்னால் இறங்கிய கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் பை. நானும் அந்தப் பெண்ணும் அவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஓடினோம்.

"அண்ணே, அது என்ட பெட்டி," என்றேன்.

"ஓம், உங்கடதான்," என்றார், நடையைக் குறைக்காமல்.

தாதியர் விடுதி வாசலில் பெட்டியை வைத்தார். நான் தாதி என்று எப்படித் தெரியும் என்று கேட்டபோது என் வெள்ளைச் சப்பாத்தைக் கண்ணால் காட்டினார். பாரமாக இருந்திருக்குமே என்று சொன்னேன். உள்ளே என் பாடப்புத்தகங்கள் எல்லாம் கிடந்தன.

"பஞ்சு மிஸ்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் பையோடு கிளினிக் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை எட்டாம் வார்டில் வேலைக்கு நின்றபோதுதான் அவர் அங்கே சிற்றூழியர் என்று தெரிந்தது. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது. வரவுப் புத்தகத்தில்தான் அவருக்குப் பெயர் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கிரேன் அண்ணன். தொடை எலும்பு முறிந்து வந்த லொறிச் சாரதி ஒருவர் வைத்த பெயராம் அது. சாரதி வீடு போய் எத்தனையோ வருடம். பெயர் மட்டும் வார்டிலேயே தங்கிவிட்டது.

எட்டாம் வார்டு மேல்மாடியில் இருந்தது. எலும்பு முறிந்தவர்கள், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து எழும்ப முடியாதவர்கள் என்று, தானாகத் திரும்பிப் படுக்கக்கூட இயலாத ஆட்கள்தான் அங்கே அதிகம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து மலகூடத்துக்கு, பிறகு எக்ஸ்ரேக்கு, பிறகு மறுபடி கட்டிலுக்கு. ஒரு நாளில் எத்தனை தூக்கல். அத்தனையையும் அந்தச் சிறிய மனிதர் தனியாகச் செய்வார். நோயாளியின் காதுக்குக் கிட்டக் குனிந்து, "மாமா, கழுத்தக் கட்டிப் புடிங்க. உங்கட பாரம் முழுக்க என்னில போடுங்க. வெக்கப்படாதீங்க," என்பார். அடுத்த கணம் அந்த மாமா நாற்காலியில் இருப்பார். நாங்கள் உதவிக்கு எட்டு வைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

"பஞ்சு மிஸ்."

ஒட்சிசன் சிலிண்டரும் பஞ்சு. சேலைன் போத்தல் பெட்டி பஞ்சு. ஒருமுறை பழைய இரும்பு அலுமாரி ஒன்றை வெளியே எடுக்க நான்கு பேரைக் கேட்டு வார்டுப் பொறுப்புச் சிஸ்டர் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் அலுமாரி வெளியே நின்றது.

வார்டுக்கு வெளியிலும் அவர் இப்படித்தான். அவருடைய வீடு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். தினமும் பாதையில் ஏறித்தான் வந்து போவார். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்த மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். கூட வேலை செய்த ஒருத்தியின் கல்யாண வீட்டுக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அதே பாதையில் ஏறினேன். கிரேன் அண்ணன் எங்களுக்கு முன்னால் ஏறி, வருகிறவர்களின் சாமான்களை எல்லாம் வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மீன் பெட்டி, உர மூட்டை, ஒரு பெண்ணின் தையல் மெசின், காலைக் கட்டிய ஆடு ஒன்று.

பாதை ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, எல்லாத்தயும் ஒரு பக்கத்தில அடுக்கினா பாதை சரியுமெல்லோ."

"ஓம், ஓம்," என்று அவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மற்றப் பக்கத்தில் அடுக்கினார். பாதை இப்போது மற்றப் பக்கம் சரிந்தது. ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஆட்டை மட்டும் தூக்கி நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் எங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் நன்றாகப் பழகிப்போயிருந்தோம். யாரையாவது புரட்ட வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுவோம். அவர் எக்ஸ்ரேக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருப்போம். பதினோராம் வார்டிலிருந்து போன் வரும், "உங்கட கிரேன ஒருக்கா அனுப்புங்க" என்று. சிஸ்டரும் ஏணி இரவல் கொடுப்பதுபோல அவரை அனுப்பி வைப்பார். அவருக்கு வலிக்குமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்கும் வேலை பிறகு என் தலையிலேயே வந்து விழுந்தது. சுகாதார ஊழியர்களுக்கு வேலையால் வரும் தசை, எலும்பு, மூட்டு நோவுகளை எப்படிக் கண்டறிவது, எப்படித் தடுப்பது என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வேறு யாரும் போகச் சம்மதிக்காததால் நான் போனேன். முதல் நாள் விரிவுரையாளர் தன் கீழ்முதுகில் கை வைத்து, "நாரி நோகாத ஆக்கள் கையை உயர்த்துங்க" என்றார். மண்டபத்தில் ஒரு கை உயரவில்லை. அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் யோசித்துச் சிரிப்பை நிறுத்தினோம்.

படிவக் கட்டு ஒன்றோடு திரும்பி வந்தேன். மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்திருக்கும். எங்கே நோகிறதோ அங்கே புள்ளடி போட வேண்டும். ஒரு கிழமையில் திரும்பி வந்தவை சில தாள்கள்தான். அவற்றிலும் ஒரு புள்ளடி இல்லை. சின்னத்தங்கம் அக்கா, எங்கள் வார்டின் பெண் சிற்றூழியர், காரணத்தைச் சொன்னார்.

"பேரெழுதி நோகுதெண்டு தந்தா, 'இவ உடம்புக்கு ஏலாத ஆள்' எண்டு பைலில போட்டுருவாங்க கா. மறுகா ஆர் அத அழிக்கிற?"

வழி கண்டுபிடித்தவள் பஸ்மியா. காத்தான்குடிக்காரி, முஸ்லிம் பிள்ளை, என்னோடு ஒரே நேர வேலை பார்ப்பவள். தேநீர் குடிக்கும் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தாளை ஒட்டி, முதுகு தெரியும்படி ஒரு மனிதனை வரைந்தாள். பக்கத்தில் முகம் தெரியும் மனிதன். கீழே ஒரு பெட்டியில் ஒட்டுப்பொட்டுகள். பெயர் வேண்டாம், தாள் வேண்டாம், நோகிற இடத்தில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டுப் போனால் சரி.

முதல் பொட்டை அவளே ஒட்டினாள். "எங்கட ஆக்கள் நெத்தியிலதான் வைக்கமாட்டம். நாரியில வைக்கலாம்," என்றாள்.

இரண்டே நாளில் சுவரில் நின்ற மனிதனுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. நாரியில் இடமில்லாமல் பொட்டுக்கு மேல் பொட்டு. தோளில் ஒரு கொத்து. ஆய்வுகூடத்துத் தம்பி வந்து பெருவிரலில் ஒன்று வைத்தான். துப்புரவு செய்யும் பெண்கள் முழங்காலில் வைத்தார்கள். டொக்டர் ஒருவர் தேநீர் குடிக்க வந்தவர்போல் வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கழுத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போனார். தாதியருக்கெல்லாம் தலைவியான மேற்றன் அம்மா நேராக வந்தார், குனிய முடியாமல் என்னிடமே பொட்டைத் தந்து, "குதிக்கால்ல வை புள்ள, ரெண்டுலயும்," என்றார்.

கிரேன் அண்ணன் மூன்றாம் நாள் வந்தார். வெகுநேரம் சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து, முகம் தெரியும் மனிதனின் நெற்றியில் நடுவாக ஒட்டினார்.

"வெறும் நெத்தியா நிக்கிறார் மிஸ். பார்க்க ஒரு மாதிரிக் கிடந்த," என்றார்.

பயிற்சியில் இன்னொரு வேலையும் தந்திருந்தார்கள். ஒரு ஊழியரை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்து, எத்தனை தரம் குனிகிறார், எத்தனை தரம் முறுக்கிக்கொண்டு தூக்குகிறார், யார் துணைக்கு நிற்கிறார் என்று குறிக்க வேண்டும். நான் அவரைத்தான் பார்த்தேன். பத்து மணிக்குள் என் தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. துணைக்கு நின்றவர் என்ற கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது.

அன்றைக்குத்தான் வேறு சிலதும் கண்ணில் பட்டன. கீழே விழுந்த பேனையை அவர் குனிந்து எடுக்கவில்லை. கால் விரலால் கவ்வி, காலை மடக்கிக் கைக்குக் கொண்டுவந்தார். தும்மல் வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தும்மினார். கதிரையில் உட்காரும்போது ஒரு கை முன்னால் போய் மேசையைத் தேடியது. மற்றவர்களைத் தூக்கும்போது மட்டும் ஒன்றுமே இல்லாத மனிதர்.

அன்றே துணி அடுக்கும் அறைக்கு நான் தலையணை உறை எடுக்கப் போனேன். அவர் சட்டையை உயர்த்தி, மனைவியின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தைல மணம் அறை முழுக்க.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"போன மாரியில துவங்கின மிஸ்."

"ஏன் சொல்லல்ல?"

கட்டி முடித்து, சட்டையை இறக்கிவிட்டு, மெதுவாக, ஆறுதலாகத்தான் பதில் சொன்னார். "நான் முந்தி நெல்லு மில்லுல மூட்ட தூக்கினவன். அங்க ஒராள் நாரி நோகுதெண்டு சொன்னா அண்டைக்கே வீட்ட போகச் சொல்லுவாங்க. என்ட கூட்டாளி ஒருத்தன் அப்பிடித்தான் போனவன். மறுகா ஊருக்குள்ள ஒருத்தரும் அவன ஒரு வேலைக்கும் கூப்பிடல்ல. என்னவிடப் பலசாலி அவன்."

"இது மில் இல்லயே அண்ணே."

"இல்லத்தான். ஆனா இலகு வேலத் துண்டு தந்து கேட்டடியில கதிரை போட்டு இருத்துவாங்க. தூக்கேலாட்டி எட்டாம் வார்டுக்கு நான் என்னத்துக்கு மிஸ்?"

சிஸ்டரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். வியாழக்கிழமை இயன்மருத்துவரிடம் காட்டினால் சொல்லமாட்டேன் என்றேன். ஓம் என்றார். அந்த வியாழன் ஆட்கள் கூடுதல் என்று சொன்னார். அடுத்த வியாழன் ஏதோ பூசை என்றார். நான் சிஸ்டரிடம் சொல்லவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம் வரும். வலியை எழுதி வைக்கப் பயிற்சி பெற்றவள் நான். என் கண்ணால் பார்த்த வலியை ஒளித்து வைத்தேன்.

அந்த நாட்களில் நானும் பஸ்மியாவும் வேறொன்றில் மும்முரமாக இருந்தோம். பயிற்சியில் ஒரு வழுக்குத் துணி காட்டியிருந்தார்கள். நோயாளிக்குக் கீழே அதை விரித்தால், தூக்காமலே வழுக்கவிட்டுக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றலாம். எங்கள் களஞ்சியத்தில் அப்படி ஒன்று கிடையாது. பஸ்மியா நனைந்த குடையை மடக்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று குடைத் துணியின் இரண்டு மடிப்பை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். அவளுடைய வாப்பா தையல்காரர். ஒரு கிழமையில், குடைத் துணியில் தலையணை உறைபோல் இரண்டு பக்கமும் திறந்த நீளமான உறை ஒன்று வந்தது, ஓரங்களில் கைபிடி வைத்துத் தைத்து. முதலில் என்னை அதில் படுக்கவைத்து இழுத்துப் பார்த்தார்கள். கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நெய்யில் போனதுபோல் போனேன்.

கிரேன் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "குடையில வைச்சு ஆள இழுக்கிறதா? மழைக்குத்தான் மிஸ் அது," என்றார். அவர் தொடாததை மற்றச் சிற்றூழியர்களும் தொடவில்லை. துணி மடித்தபடி அலுமாரித் தட்டில் கிடந்தது.

ஏறாவூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் வார்டில் இருந்தார். ஹாஜியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அன்று காலை அவரை முதன்முதலாகச் சக்கர நாற்காலியில் இருத்தலாம் என்று டொக்டர் எழுதியிருந்தார். நான் மருந்து வண்டியடியில் நின்றேன்.

"பொறுங்க அண்ணே, பஸ்மியா வரட்டும். நாங்களும் புடிக்கிறம்," என்றேன்.

"ஹாஜியாரா? ஹாஜியார் பஞ்சு மிஸ்."

நான் ஊசியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் தூக்கிவிட்டார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், ஹாஜியார் கழுத்தைக் கட்டியிருக்க, கிரேன் அண்ணன் அசையாமல் நின்றார். முகம் சாம்பல் நிறமாக மாறியிருந்தது.

"மிஸ், கொஞ்சம் வாங்க," என்றார். சாதாரணக் குரல். தேநீருக்குக் கூப்பிடும் குரல்.

ஓடினேன். பஸ்மியாவும் சின்னத்தங்கம் அக்காவும் ஓடி வந்தார்கள். ஹாஜியாருக்கு எங்களுக்கு முன்னமே விளங்கிவிட்டது. "தம்பிக்கு என்னமோ செய்யுது. என்னப் புடிக்காதீங்க, அவரப் புடிங்க," என்றார். நாங்கள் இரண்டு பேரையும் பிடித்தோம். ஹாஜியார் கட்டில் விளிம்பில் பத்திரமாக இருக்கும்வரை கிரேன் அண்ணனின் கைகள் தளரவே இல்லை. அதற்குப் பிறகும் அவர் நிமிரவில்லை. இரண்டாக மடிந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"நிமிர ஏலுமா?"

"ஏலா மிஸ்."

அந்தச் சொல்லை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன்.

பக்கத்து வார்டிலிருந்து பெலத்த ஆள் ஒருவன் வந்து அவரை அள்ளித் தூக்கப் போனான். மடிந்த நிலையிலேயே கையை நீட்டித் தடுத்தார். "தனியத் தூக்காத மனே. உன்ட நாரி போயிரும்."

பக்கத்தில் வெறுங்கட்டில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மெதுவாக அதில் சரித்துப் படுக்கவைத்தோம். தள்ளுவண்டிக்கு மாற்ற வேண்டும். பஸ்மியா தட்டிலிருந்த குடைத் துணியை எடுத்து வந்து விரித்தாள். நான்கு பேர் கைபிடிகளைப் பிடித்தோம்.

"நான் எண்ணுறன்," என்றார் ஹாஜியார், தன் கட்டிலில் இருந்தபடி. "ஒண்டு, ரெண்டு, மூண்டு."

இரண்டு பேர் மூன்றோடு இழுத்தார்கள். இரண்டு பேர் மூன்று முடிந்தபிறகு இழுத்தார்கள். கிரேன் அண்ணன் கோணலாகத் திரும்பினார்.

"மூண்டெண்ட சொல்லோட இழுங்க," என்றார், துணியில் கிடந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஹாஜியார், மறுகா எண்ணுங்க."

இரண்டாம் தரம் ஒரே இழுப்பில் வண்டிக்குப் போனார். "வழுக்குது மிஸ்," என்றார் மெல்ல. நடைவழி முழுக்க அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டவர்கள், அவர் படுத்திருப்பதை முதல்முதலாகப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானமே சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ பத்து நாளா ஒளிச்ச. நான் எத்தின வருசமாக் காணாத மாதிரி இருந்த நான். ஒராளிட நாரியிலதானே இந்த வார்ட்ட ஓட்டின," என்றார். பிறகு சுவரிலிருந்த பொட்டு மனிதனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேற்றன் அம்மாவிடம் போனார். அந்த மாதமே மூன்று விசயங்கள் நடந்தன. யாரும் தனியாக நோயாளியைத் தூக்கக் கூடாது என்று எழுத்தில் வந்தது. துருப்பிடித்து இறுகிக் கிடந்த கட்டில்களின் உயர்த்தும் பிடிகளைத் திருத்த ஆள் வந்தார். பஸ்மியாவின் வாப்பாவுக்கு இன்னும் ஆறு துணிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

கிரேன் அண்ணனுக்கு எலும்பில் ஒன்றும் இல்லை, முள்ளந்தண்டுத் தட்டு ஒன்று விலகியிருக்கிறது என்றார்கள். இயன்மருத்துவர், வீட்டில் படுத்தே கிடக்காமல் மெல்ல மெல்ல நடக்கச் சொன்னார். அவரும் ஊர் வட்டையில், வயல் வரம்பில் காலையும் மாலையும் நடந்தாராம். ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி ஏதோ கடிதம் வாங்க வார்டுக்கு வந்தார்.

"மிஸ், இவர கெதியா வேலைக்கு எடுங்க. என்னால ஏலா," என்றார். "தண்ணிக் குடம் தூக்க விடுறாரில்ல. தானும் தூக்கிறாரில்ல. அரைக் குடம் நிரப்பி ரெண்டு நடை போகட்டாம். ரோட்டால விறகு கொண்டு போற ஆக்கள மறிச்சு வைச்சுப் பாடம் நடத்துறார்."

மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிய துண்டோடு அவர் திரும்பி வந்தார். கேட் வாசலுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்தில் ஒருவர் சொன்னதும் உண்மை. சிஸ்டர் சம்மதிக்கவில்லை. முதல் கிழமை அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. யாராவது எதையாவது தூக்கினால் அவருடைய கைகள் தானாக முன்னால் போகும், நினைவு வந்து திரும்பும். கடைசியில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல் வார்டு நடுவில் நின்றார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நாங்கள் ஒருவரைத் துணியில் மாற்ற நின்றோம். யார் எண்ணுவது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கட்டில் தலைமாட்டில் போய் நின்றார்.

"எல்லாரும் கால அகட்டுங்க. பஸ்மியா மிஸ், கட்டில உயர்த்திப்போட்டுப் புடிங்க. மூண்டெண்ட சொல்லோட. ஒண்டு. ரெண்டு."

அன்று தொடங்கியது. அவர் எண்ணாமல் எட்டாம் வார்டில் யாரும் எவரையும் அசைக்க முடியாது என்று ஆகிவிட்டது. பதினோராம் வார்டிலிருந்து மறுபடி போன் வந்தது, "உங்கட கிரேன அனுப்புங்க, எண்ணுறதுக்கு" என்று. முன்பு எங்கள் கையிலிருந்து பாரத்தைப் பறித்தவர், இப்போது பாரத்தைத் தொடவே விடவில்லை. எங்களுக்கு அவர் உதவியாக இருந்த அளவைவிட இப்போது பெரிய தொல்லையாக இருந்தார். ஒரு பிற்பகல் நான்கு பேரை வைத்துக் களஞ்சிய அறை முழுவதையும் மாற்றினார். பாரமான சேலைன் பெட்டிகள் எல்லாம் இடுப்புயரத் தட்டுக்கு வந்தன. பஞ்சும் கையுறையும் உச்சிக்குப் போயின. கையுறைப் பெட்டி எங்கே என்று தெரியாமல் சிஸ்டர் இரண்டு நாள் கத்தினார். துணி மடிக்கும் மேசைக்குக் கீழே தென்னங்கட்டைகள் வைத்து உயர்த்தினார். சின்னத்தங்கம் அக்காவின் வாளியைப் பாதிக்கு மேல் நிரப்பவிடாமல் குழாயடியில் காவல் நின்றார்.

பெரிய டொக்டர் ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் வந்தார். பதிந்து தாழ்ந்த கட்டிலில் கிடந்த நோயாளியின் காலை, வளைந்து குனிந்து சோதித்துக்கொண்டிருந்தார். பின்னால் மாணவர் கூட்டம். திடீரென்று கட்டில் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. நோயாளி பயந்து கம்பியைப் பிடித்தார். டொக்டர் தானாக நிமிர்ந்துகொண்டே வந்து, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

கால்மாட்டில் குந்தியிருந்து பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த கிரேன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்ல சேர். நீங்க குனியத் தேவல்ல, கட்டில் உங்களிட்ட வருது."

டொக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பி, "இத எழுதுங்க," என்றார்.

ஒரு வருடம் போனபின் புதிய தாள் ஒட்டி, புதிய மனிதனை வரைந்தோம். நாரிப் பக்கம் முன்பு போல நெருக்கமில்லை. கழுத்து மட்டும் அப்படியே இருந்தது, அதற்கு நாங்கள் எல்லோரும் கையிலுள்ள போனைத்தான் குற்றம் சொன்னோம். கிரேன் அண்ணன் எல்லோரும் தேநீர் குடிக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். பெரிய கறுப்புப் பொட்டாகத் தேர்ந்தெடுத்து, முதுகு காட்டும் மனிதனின் நாரியில் ஒட்டினார். ஒட்டிவிட்டு விரலால் அழுத்தியும் விட்டார்.

"இன்னும் இரிக்கி. குறைஞ்சிருக்கி," என்றார், யாரும் கேட்காமலே.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் மாற்றல் வாங்கிப் போக இரண்டு மாதம் இருக்கும்போது வெள்ளாமை வெட்டு முடிந்திருந்தது. அவர் ஒரு நாள் லீவில் நின்றார். பத்து மணியளவில் வார்டுப் போன் அடித்தது. கீழே கேட் காவலாளியின் போனிலிருந்து அவர்தான்.

"மிஸ், கேட்டடியில நிக்கிறன். ஒராள் வாங்க. ஒரு பக்கம் புடிக்க வேணும்."

என்ன நடந்ததோ என்று நானும் பஸ்மியாவும் சின்னத்தங்கம் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம். வேப்ப மரத்தடியில் அவர் சுகமாக நின்றார். காலடியில் ஒரு சின்னச் சாக்கு. புது அரிசி, வார்டுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப் பை அளவுதான் இருக்கும்.

"ஒராளத்தானே கேட்டன். இவ்வளவு பேரும் வந்தா வார்ட்ட ஆர் பார்க்கிற?" என்று ஏசினார்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். நான் சாக்கைப் பார்த்தேன். "இத ஒரு கையால தூக்கிட்டு வந்திருக்கலாமே அண்ணே. வெயிலுக்க எவ்வளவு நேரம் நிண்ட நீங்க?"

"தூக்கலாம் மிஸ். தனியத் தூக்கினா கதைச்சுக்கொண்டு வர ஆளில்லயே."

ஒரு நுனியை அவர் பிடித்தார், மற்ற நுனியை நான் பிடித்தேன். மேல்மாடி வரைக்கும் ஆறுதலாகப் படியேறினோம். நாலு வருடம் ஒரே வார்டில் வேலை செய்திருக்கிறோம். அவருக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும், அதில் மூத்தவள் கணக்கில் கெட்டிக்காரி என்பதையும், சின்னவள் தகப்பனைப்போல வாய்திறக்க மாட்டாள் என்பதையும் அந்தப் படிகளில்தான் நான் அறிந்தேன்.